மூடிய வகுப்பறையும் இலவசக் கல்வியும்

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கட்டணத்தை ஒழித்ததோடு அமையவில்லை. பல்வேறு வர்க்கத்துப் பிள்ளைகளை ஒரே வாங்கில் அமர்த்தவும் முனைந்தது. 2020 மார்ச்சில் கொவிட் பெருந்தொற்றினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவ்வாங்கு வெறுமையாயிற்று. இடையிடையே திறந்தும் மூடியும் 2021 ஒக்ரோபர்வரை இந்நிலை நீடித்தது.

கற்பித்தல் இணையவழிக்கு மாறியதும் திறன்பேசியும் தரவுச் செலவுமே புதிய பாடசாலைக் கட்டணமாயின. மலையக லயன்களிலே தந்தையின் தொலைபேசி வீடு திரும்பும்வரை பாடம் காத்திருந்தது. சமிக்ஞை தேடிக் கிராமத்து மாணவர் குன்றேறினர்.

இழப்பு பாடத்தோடு நின்றுவிடவில்லை. 2020 சனவரியில் முதலாந்தரத்திற் சேர்ந்த பிள்ளை சில வாரங்களிலேயே தோழரைப் பிரிந்தது. விட்டுக்கொடுத்தலும் வாதிடலும் சக மாணவரிடமே கற்கப்படுவன. எனவே, விடுபட்ட பாடங்களை முடிப்பது மட்டும் ஈடாகாது. பொது வகுப்பறையை மீளக் கட்டியெழுப்புவதே இலவசக் கல்வியைக் காக்கும் வழியென நாம் கருதுகிறோம்.