நாயாற்று முகமும் முல்லைத்தீவுக் கோட்டையும்

திருகோணமலையிலிருந்து கரையோரமாக வடக்கு நோக்கிப் பாய்விரித்துச் செல்லும் தோணிக்கு, குச்சவெளி, புல்மோட்டை, கொக்கிளாய் என்னும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். அவற்றைக் கடந்ததும் வருவது நாயாறு. வன்னிக் காட்டில் பெய்த மழைநீர் இங்கே களப்பாய்ப் பரந்து கடலோடு கலக்கின்றது.

கடலோடிகளுக்கு இம்முகம் ஒரு புதிர். மாரியில் வெள்ளம் மணல்திட்டை உடைத்து வழி திறக்கும். அப்பொழுதோ வாடைக்காற்றினால் கடல் கொந்தளிக்கும். சோளகக் காலத்தில் கடல் அமைதியுறும். அப்பொழுதோ மணல் சேர்ந்து முகம் தூர்ந்துவிடும். ஆதலால் இக்கரையில் பெருந்துறைமுகம் எழவில்லை. வள்ளங்களை மணலில் இழுத்து வைத்தே மக்கள் தொழில் செய்தனர்.

நாயாற்றுக்கு வடக்கே, செம்மலையையும் அளம்பிலையும் தாண்டியுள்ளது முல்லைத்தீவு. கடலையும் வன்னியையும் ஒருங்கே கண்காணிக்க ஒல்லாந்தர் அங்கே கோட்டை அமைத்தனர். 1795ஆம் ஆண்டில் அது ஆங்கிலேயர் கைப்பட்டது.

1803 ஜூனில் கண்டியிலிருந்த ஆங்கிலப் படை அழிந்தது. அவ்வேளையில் வன்னியின் தலைவன் பண்டாரவன்னியன் கிளர்ந்தெழுந்தான். ஆகஸ்ட் 25ஆம் நாள் அவன் படை முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியது. காவற்படையினர் எவ்வழியே தப்பினர்? காட்டுவழி அவர்களுக்கு அடைபட்டிருந்தது, கடல்வழி திறந்திருந்தது. சோளகக் காலத்துக் கடலில் படகேறி யாழ்ப்பாணம் சேர்ந்தனர்.

வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று தளங்களிலிருந்தும் ஆங்கிலேயர் படை திரட்டினர். அக்டோபர் 31ஆம் நாள், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை பண்டாரவன்னியனின் படையை முறியடித்தது. அதனைக் குறிக்கும் கல்லொன்று பின்னர் அங்கே நாட்டப்பெற்றது.

வன்னியனின் வீரத்தில் குறையில்லை. காட்டின் ஒவ்வொரு தடமும் அவன் படைக்குத் தெரியும். ஆயின் அவனிடம் கப்பற்படை இல்லை. பகைவரின் மூன்று தளங்களும் கடலோரத்தில் இருந்தன. கடலே அவற்றை ஒன்றோடொன்று இணைத்தது. கோட்டையை இழந்தவர்கள் கடலை இழக்கவில்லை; கோட்டையைப் பெற்றவனுக்கோ கடல் கிட்டவில்லை.

இக்கரை பின்னரும் துயர் பல கண்டது. 1984 இறுதியில் நாயாறு, கொக்கிளாய்ப் பகுதி மக்கள் இடம்பெயர நேர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2009இல் முடிந்த போர் முல்லைத்தீவைச் சிதைத்தது. வன்னியின் வரலாற்றைக் காட்டையும் குளத்தையும் கொண்டு எழுதுவது வழக்கம். அதன் மற்றொரு பாதியைக் காண வேண்டுமாயின், நாயாற்று முகத்தில் நின்று கடலை நோக்குதல் வேண்டும்.