யப்பானியர் தீட்டிய இராமகாதை: ஓர் அசைவூட்டப் படத்தின் நிறையும் குறையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த தமிழகத் தொழிலாளர் தம்முடன் கொண்டுவந்த கலைச்செல்வத்தில் ஏடுகளிலும் பார்க்கக் கூத்தும் பாட்டுமே மிகுதியாகும். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியன மலையகத் தோட்டங்களில் வேரூன்றியமை யாவரும் அறிந்ததே. அவற்றில் கதையை நகர்த்துவது பாட்டு. உரையாடல் அதற்குத் துணை. இம்மரபிலே செவி பழகியோர், 1992 இல் நிறைவுற்ற ‘இராமாயணா: த லெஜெண்ட் ஒஃப் பிரின்ஸ் ராமா’ என்னும் அசைவூட்டப் படத்தை முற்றிலும் அந்நியமான ஒன்றாகக் கருதார்.

இப்படத்தின் தோற்றம் விந்தையானது. யப்பானியரான யூகோ சாக்கோ, தொல்லியலாளர் பி. பி. லால் நடத்திய அகழ்வுகள் பற்றி 1980களில் ஆவணப்படம் எடுக்க முற்பட்டபோதே இராமகாதையில் ஈடுபாடு கொண்டார். அந்நியர் ஒருவர் இராமாயணத்தைத் தொடுவதா என விசுவ இந்து பரிசத் எதிர்ப்புத் தெரிவித்தது. தெய்வக் கதையைக் கேலிச்சித்திரம் போல வரைவதா என்ற தயக்கம் இந்திய அரசுக்கும் இருந்தது. எனவே படம் யப்பானிலேயே உருவாகலாயிற்று. சாக்கோவுடன் கொய்ச்சி சசாகியும் இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியான ராம் மோகனும் நெறியாள்கையைப் பகிர்ந்துகொண்டனர். வேட்டி உடுக்கும் முறையையும் பெரியோரை வணங்கும் முறையையும் இந்தியக் கலைஞர் யப்பானியருக்குக் கற்பித்தனர் என்பர். படம் 1993 சனவரியில் புதுதில்லித் திரைப்பட விழாவிலே காட்டப்பட்டது. அயோத்திப் பள்ளிவாசல் இடிக்கப்பட்டு அப்பொழுது சில வாரங்களே கழிந்திருந்தன. அன்று இந்தியத் திரையரங்குகளில் பரவலாக ஓடாத இப்படத்தை அடுத்த தலைமுறையிடம் சேர்த்தது தொலைக்காட்சியே.

படத்தின் முதற் சிறப்பு அதன் ஓவியம். காடும் மலையும் கடலும் கதைமாந்தருக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலைகளாய் நில்லாமல், பொழுதுக்கேற்ப ஒளி மாறிக் கதையோடு இயங்குகின்றன. அனுமன் கடல் தாவும் பகுதியும் இலங்கை எரியும் பகுதியும் நடிகரைக் கொண்டு எடுக்கும் படத்தில் எளிதிற் கைகூடாதவை. மாயமும் பேருருவும் நிறைந்த இக்கதைக்கு வரைபடம் இயல்பான ஊடகம் என்பதைத் தோற்பாவைக் கலைஞர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தனர். பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களிலே கம்பன் பாடல்களை ஓதி, திரைக்குப் பின்னே விளக்கேற்றி நிகழ்த்தப்படும் பாவைக்கூத்து இதற்குச் சான்று. ஐரோப்பாவிலே லொட்டே ரைனிகர் நிழலுருக்களால் முழுநீளப் படம் அமைத்தது 1926 இற்றான்.

இசையிலேதான் நிறையும் குறையும் ஒருங்கே தென்படுகின்றன. வன்ராஜ் பாட்டியாவின் இசை மேனாட்டுப் பல்லியத்தையும் இந்திய மரபையும் துணிந்து இணைத்தது. ஆங்கில வடிவில் உரையாடல் ஆங்கிலமாகவும் பாடல்கள் சமஸ்கிருதமாகவும் அமைந்தன. பாடலுக்கு இதனால் ஒரு மாட்சிமை கிட்டியது. பொருள் விளங்காத குழந்தைக்கோ அது இனிய ஓசை மட்டுமே. கூத்திலே பாட்டுப் புரியாவிடின் கதையே புரியாது. இங்குப் பாட்டை நீக்கினாலும் கதை குறைவின்றி நடக்கும். இசைப்படம் என்ற வகையில் இதனைக் குறை என்றே கொள்ளல் வேண்டும்.

இதனினும் பெரிய குறை சீதையின் பாத்திரத்தில் உள்ளது. குடும்பத்தினர் ஒருங்கிருந்து பார்க்கும் படம் என்பதாலோ என்னவோ, போர் முடிந்ததும் பிரிந்தோர் கூடி அயோத்தி மீள்கின்றனர். தீக்குளிப்பு இல்லை, பின்னர் காட்டுக்கு அனுப்பப்படுதலும் இல்லை. முடிசூட்டுடன் கதையை நிறுத்தியதற்காகப் படத்தைப் பழிக்க இயலாது. கம்பனும் அங்கேதான் நிறுத்தினான். ஆனால் மீட்கப்பட்ட மனைவியை நோக்கி இராமன் கூறும் கடுஞ்சொற்களைக் கம்பன் மறைக்கவில்லை. தன் தலைவனையும் கேள்விக்குள்ளாக்கும் துணிவு காவியத்துக்கு இருந்தது, படத்துக்கு இல்லை. இரண்டேகால் மணி நேரம் போதாது என்பது தக்க விடையாகாது. போர்க்களத்துக்குத் தாராளமாகவே நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது!

மாத்தளை மாவட்டத்தவர் இப்படத்தைக் காணும்போது இன்னொரு வினாவும் எழுகின்றது. யப்பானிய ஓவியர் கற்பனையால் எழுப்பியதே படத்தின் இலங்கை. நம் மாவட்டத்துச் சிகிரியாவோ இராவணன் அரண்மனை என்று இன்று நூல்களிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் பேசப்படுகின்றது. சிகிரியா கி.பி. ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்பன் அமைத்த கோநகர் என்பதே வரலாற்றாய்வாளர் முடிபு. இலங்கையின் முதற் செய்மதிக்கு 2019 இல் ‘இராவணா-1’ எனப் பெயரிட்டமை, அப்பெயர் இந்நாட்டில் பெற்றுள்ள செல்வாக்கைக் காட்டும். அயோத்தியிலே இராமனுக்காக மண்ணைத் தோண்டியவர்களும் இங்கு இராவணனுக்காகப் பாறையைக் காட்டுபவர்களும் கையாளும் முறை ஒன்றே: காவியத்தை நிலப்பதிவேடாக வாசித்தல். படம் தன்னளவில் இத்தவற்றைச் செய்யவில்லை. அதன் இலங்கை எந்த மலையையும் சுட்டாத ஓவிய இலங்கை. தொல்லியலிலே தொடங்கிய சாக்கோ ஓவியத்திலே முடித்தது நற்பேறு என்றே சொல்லத் தோன்றுகிறது.

எனினும் அழகிய படத்துக்கு வேறொரு வல்லமை உண்டு. மாத்தளையை அடுத்த அலுவிகாரையிலே, வாய்மொழியாக வழங்கிய திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் எழுத்திலே பதிக்கப்பட்டது என்பது மரபு. பதிக்கப்பட்டது நிலைக்கும், பதிக்கப்படாத பாடபேதம் மங்கும். தோட்டத்துக்குத் தோட்டம் கூத்துப் பாட்டு வேறுபடுவதை அறிந்தவர்க்கு இது புதிதன்று. படம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இராமன் என்றால் சாக்கோவின் இராமனே மனத்தில் எழுகின்றான். 2025 சனவரியில் இப்படம் இந்தியாவிலே புதுப்பிக்கப்பட்டு மீள வெளியானபோது தமிழ்க் குரலும் சேர்க்கப்பட்டது. அக்குரலுடன் படத்தைப் பார்க்கும் மாணவர், கம்பனின் மீட்சிப் படலத்தையும் உடன் வாசித்தால், படம் எந்த இடத்தில் மௌனமாகின்றது என்பதைத் தாமே கண்டுகொள்வர்.