பிரபுக்கள் சபையின் முதல் முஸ்லிம்

பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் முதல் முஸ்லிம் உறுப்பினர் ஹென்றி ஸ்டான்லி பிரபு (1827–1903). தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் தாய்மாமன். கான்ஸ்டான்டிநோபிள் தூதரகத்தில் பணியாற்றி, கீழை நாடுகளில் பயணம் செய்து, இஸ்லாத்தைத் தழுவினார். 1869-இல் தந்தை மறைந்ததும் செஷயரிலும் ஆங்கிள்சி தீவிலும் பெருநிலங்களுக்கு உரியவராகிச் சபையில் அமர்ந்தார்.

மலபார் முஸ்லிம்களின் வணிக வாழ்வைக் கூறும் துவார்த்தே பார்போசாவின் நூலை 1866-இல் ஆங்கிலமாக்கியவரும் இவரே.

தம் நிலத்திலிருந்த மதுக்கடைகளை மூடச் செய்த இவர், தேவாலயங்களைப் புதுப்பிக்கவும் பொருள் வழங்கினார். 1884-இல் ஆங்கிள்சியின் லன்பாட்ரிக் தேவாலயம் அவ்வாறு புதுப்பிக்கப்பட்டது. அதன் உட்புறத்தை இஸ்லாமியக் கலைப்பாணியிலான நீல ஓடுகள் அணிசெய்கின்றன. இவ்விரு செயல்களும் முரண்படுவனவா? நாம் அவ்வாறு கருதவில்லை. இறைநாமம் நினைவுகூரப்படும் இடங்களாகக் கிறிஸ்தவ ஆலயங்களையும் பள்ளிவாசல்களுடன் சேர்த்தே குறிப்பிடுகிறது திருக்குர்ஆன் (22:40). குடியானவரைக் கெடுப்பதை அகற்றுவதும் அவர்தம் வழிபாட்டிடத்தைக் காப்பதும் ஒரே அமானிதத்தின் இரு கடமைகள்.

1903 டிசம்பரில் மறைந்த அவருக்கு, துருக்கித் தூதரக இமாம் தலைமையில் இஸ்லாமிய முறைப்படி ஆல்டர்லியில் நல்லடக்கம் நடைபெற்றது. சிறுபான்மையினரிடம் பெரும்பான்மையினர் எவ்வாறு நடக்க வேண்டும் என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். அதிகாரமும் செல்வமும் நம் கையில் இருக்கும்போது பிறருடைய ஆலயத்திற்கு நாம் என்ன செய்வோம் என்ற வினாவை ஸ்டான்லியின் வாழ்வு நம்முன் வைக்கிறது.