தாலின் பழைய நகர்

தாலின் பழைய நகர், எஸ்தோனியத் தலைநகரில் பின்லாந்து வளைகுடாவை ஒட்டியுள்ள இடைக்கால நகர்ப்பகுதி. வட ஐரோப்பாவில் மதிலும் தெருவமைப்பும் பெரிதும் சிதையாமல் எஞ்சிய வணிக நகரங்களுள் குறிப்பிடத்தக்கது. 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வரலாறு: 1219-இல் டென்மார்க் மன்னர் இரண்டாம் வால்டெமர் இங்கிருந்த கோட்டையைக் கைப்பற்றினார். 1248-இல் லூபெக் நகரச் சட்டம் வழங்கப்பட்டது. ஹன்சா வணிகக் கூட்டமைப்பில் இணைந்த நகரம், ரஷ்யாவுக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும் இடையே உப்பு, மெழுகு, மென்மயிர்த் தோல் வணிகத்தால் செழித்தது.

அமைப்பு: தோம்பெயா குன்றின்மேல் பிரபுக்களும் ஆயரும், கீழ் நகரில் வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இரண்டும் தனித்தனி நிர்வாகத்தில் இருந்தன. இன்றும் மலைச்சரிவில் ஏறும் பிக் யால்க் என்ற நெடுஞ்சந்தின் அடிவாரத்தில் வாயிற்கோபுரம் நிற்கிறது.

கட்டடங்கள்: 1404-இல் நிறைவுற்ற கோதிக் பாணி நகர மன்றத்தின் கூரை விளிம்பில், மழைநீரை வெளியே உமிழும் டிராகன் தலைகள் நீண்டிருக்கின்றன. மன்றம் நிற்கும் சதுக்கத்திலுள்ள மருந்துக்கடை 1422-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இடம்பெற்றது, இன்றும் இயங்குகிறது. வணிகர் வீடுகளின் முக்கோண முகப்பு தெருவை நோக்கியிருக்கும். கீழே உயரமான கூடம், மேல்தளங்களில் சரக்கறை. மூட்டைகளை மேலேற்ற உச்சியில் உத்தரம் துருத்தி நிற்கும்.

1944 மார்ச் மாதச் சோவியத் குண்டுவீச்சில் புனித நிக்கோலஸ் தேவாலயம் கடுமையாகச் சேதமடைந்தது. சீரமைக்கப்பட்டு, இப்போது அருங்காட்சியகமாக விளங்கும் அங்கே, பெர்ன்ட் நோட்கே தீட்டிய ‘மரண நடனம்’ ஓவியத்தின் எஞ்சிய பகுதியைக் காணலாம்.