நோயாளியின் நாவும் மருத்துவரின் ஏடும்

மருத்துவரிடம் வினாத் தொடுப்பது மரியாதைக் குறைவு என்னும் எண்ணம் நம் மக்களிடையே ஆழ வேரூன்றிக் கிடக்கிறது. தருமபுரிச் சீமையில் அதன் பிடி இன்னும் வலிது. சேலத்தினின்று பிரிந்து 1965 அக்டோபர் 2ஆம் நாள் தனி மாவட்டமான இம்மண்ணுக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2008ஆம் ஆண்டில்தான் வாய்த்தது. அதற்கு முன் கடும் நோயென்றால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ கொண்டு ஓடவேண்டும். சித்தேரி மலையினின்றும் வத்தல்மலையினின்றும் இறங்கி வருவோருக்கு, மருத்துவரின் முகத்தைக் கண்டதே பெரும்பேறு. நம் சமுதாயத்திலோ வீட்டில் உருது பேசும் பெண்மணி தன் வலியைத் தமிழில் சொல்லத் தயங்க, கணவரோ அண்ணனோ அரைகுறையாய் எடுத்துரைப்பார். மருந்து எதற்கு, அறுவை ஏன் என்று எவரும் கேளார். கெடுதி நேர்ந்தால், “நஸீபு” என்ற ஒரு சொல்லோடு மையித்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவர்.

இம்மௌனம் மார்க்கம் கற்பித்த பொறுமையா? அன்று என்பதே வரலாறு தரும் விடை.

பெருமானார் (ஸல்) அவர்களின் இறுதி நோயில் நிகழ்ந்ததைப் புகாரி இமாம் பதிவு செய்துள்ளார். வீட்டார் அன்னாரின் வாயோரத்தில் மருந்து புகட்டினர். வேண்டாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்தின்மீது இயல்பாயுள்ள வெறுப்பே இது என்று எண்ணி, வீட்டார் சைகையைப் பொருட்படுத்தவில்லை. தெளிவு வந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டித்தார்கள். அவ்வேளை உடனில்லாத அப்பாஸ் (ரலி) நீங்கலாக, அங்கிருந்த அனைவருக்கும் அதே மருந்தைப் புகட்டச் செய்தார்கள். புகட்டியவர்கள் பகைவரல்லர், அன்பின் மிகுதியால் செய்தவர்கள். ஆயினும் நோயாளியின் மறுப்பை அன்பும் மீறலாகாது என்பதே இதனின்று நாம் பெறும் பாடம். வலிப்பு நோயால் வருந்திய கறுப்பினப் பெண்மணி துஆ வேண்டி வந்தபோதும், பொறுத்தலா குணமா என்று தெரிவு செய்யும் உரிமையை அவரிடமே விட்டார்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவன் நேரும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்னும் நபிமொழியை அபூதாவூதில் காணலாம்.

இவ்விதை பின்னர் ஆட்சிமுறையிலும் முளைத்தது. ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பக்தாதில் ஒரு மருத்துவரின் பிழையால் ஒருவர் இறந்த செய்தி கலீஃபா முக்ததிரை எட்டிற்று. தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித் சோதித்துச் சான்றளித்தாலன்றி எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று ஆணை பிறந்தது. ஏற்கெனவே புகழ்பெற்றோர் நீங்கலாக, 860க்கும் மேற்பட்டோர் அந்நகரில் சோதனைக்கு வந்தனர் என்று மருத்துவர் வரலாறு எழுதிய இப்னு அபீ உஸைபிஆ குறிப்பிடுகிறார்.

இதனினும் வியப்புக்குரியது ஹிஸ்பா நூல்களில் உள்ளது. அங்காடிகளையும் தொழில்களையும் மேற்பார்வையிடும் முஹ்தஸிபுக்கு வழிகாட்டியாகச் சிரியா நாட்டு ஷைஸரீ 12ஆம் நூற்றாண்டில் ஒரு நூல் யாத்தார். எகிப்தில் ஹிஜ்ரி 729இல் மறைந்த இப்னுல் உகுவ்வா இன்னொன்று யாத்தார். மருத்துவர் நோயாளியிடம் நோயின் காரணத்தையும் வலியையும் கேட்டறிய வேண்டும், கேட்டதையும் கொடுத்த மருந்தையும் எழுதி, அங்கிருப்போர் சாட்சியாக ஒரு படியை வீட்டாரிடம் தரவேண்டும், மறுநாளும் அவ்வாறே. நோயாளி குணமடைந்தால் மருத்துவருக்குக் கூலி. இறந்தால் வீட்டார் அப்படிகளைத் தலைமை மருத்துவரிடம் கொண்டு செல்வர். பிழையில்லையெனில் அவர் அதைச் சொல்லுவார். பிழையிருப்பின் தியத் என்னும் உயிரீட்டுத் தொகையை மருத்துவரிடம் பெறுமாறு தீர்ப்பளிப்பார். இது எங்கும் எந்நாளும் தவறாது நடந்தது என்று நாம் சொல்லவரவில்லை. ஹிஸ்பா நூல் நடக்கவேண்டியதைச் சொல்வதேயன்றி நடந்ததைச் சொல்வதன்று. ஆயினும் ஏடு வீட்டார் கையில் இருக்கவேண்டும் என்ற கருத்து நம் முன்னோருடையது என்பதில் ஐயமில்லை.

இந்திய நாட்டில் இவ்வுரிமை படிப்படியாகவே வந்தது. நோயாளி நுகர்வோர் ஆகார் என்று சென்னை உயர்நீதிமன்றம் 1994இல் கருதிற்று. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துள் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் 1995 நவம்பரில் அதனை மாற்றிற்று. அனைவருக்கும் இலவசமாய் மருத்துவம் செய்யும் நிலையங்கள் அச்சட்டத்துக்கு வெளியே நின்றன. அவற்றின் கடமையை உரைத்தது 1996 மே மாதத் தீர்ப்பு. வங்கத்து விவசாயத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஹகீம் ஷேக் 1992 ஜூலை 8ஆம் நாள் மதுராப்பூர் நிலையத்தில் இரயிலிலிருந்து விழுந்து தலையில் படுகாயமுற்றார். அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கையில்லை, வசதியில்லை என்று கைவிரித்தன. நள்ளிரவு கடந்து, தனியார் மருத்துவமனையே அவரை ஏற்றது. செலவு ஏறக்குறைய 17,000 ரூபாய். “விதி” என்று அவர்கள் அடங்கிவிடவில்லை. சங்கமும் அவரும் வழக்காடினர். உரிய நேரத்தில் சிகிச்சை மறுப்பது அரசியலமைப்பின் 21ஆம் விதி தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பாயிற்று; 25,000 ரூபாய் இழப்பீடும் கிடைத்தது.

2002ஆம் ஆண்டின் மருத்துவ மன்ற ஒழுங்குமுறை, நோயாளியோ அவர் அதிகாரமளித்த துணைவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தரவேண்டும் என்கிறது. ஷைஸரீயின் ஏடு எட்டு நூற்றாண்டுகள் கழித்து மீண்டும் வீட்டார் கைக்கு வந்தது எனலாம். 2008 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இன்னொன்றும் தெளிவாக்கிற்று. பரிசோதனைக்கென மயக்கமூட்டப்பட்ட பெண்ணின் கருப்பையைத் தாயின் சம்மதம் பெற்று அகற்றியது செல்லாது. வயதுவந்த நோயாளியின் சம்மதம் அவருடையதே, அவசர உயிராபத்து இருந்தாலன்றிப் பிறருடையது ஆகாது. வாயோரத்தில் புகட்டிய மருந்தின் பாடமும் இதுவேயன்றோ?

2020 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டப்படி, பெங்களூரில் பணம் கட்டிச் சிகிச்சை பெற்ற பென்னாகரத்துக்காரர் தம் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம், காலவரை இரண்டாண்டு. ஆனால் கையில் ஏடில்லாதவன் எங்கு முறையிடுவான்?

உரிமை பேசுதல் வேறு, கைகலப்பு வேறு. மருத்துவர்மீது கைவைப்போரைத் தண்டிக்கத் தமிழகத்தில் 2008ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. மார்க்கமும் அச்செயலை ஏற்காது. நாம் வேண்டுவது அமைதியான வினா: நோய் என்ன, இம்மருந்து எதற்கு, வேறு வழி உண்டா? இவற்றைத் தயங்காது கேட்கவும், தாள்களைப் பத்திரப்படுத்தவும் நம் ஜமாஅத்துகள் மக்களைப் பழக்கவேண்டும். தமிழ் தடுமாறும் பெண்ணோடு, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எடுத்துரைக்கும் ஒரு பெண் துணையாகச் செல்லவேண்டும். நஸீபு என்பது முயற்சிக்குப்பின் சொல்லும் சொல். முயற்சிக்குப் பதிலாகச் சொல்லும் சொல்லன்று.