இணையத் திரைத்திருட்டும் 'அசோக்குமார்' ஆணைகளும்

முன்னுரை

பதிப்புரிமைச் சட்டம் (1957) படைப்பாளியின் உரிமையைக் காக்கின்றது. அவ்வாறு காக்கும் முறை, குற்றத்தில் தொடர்பில்லாதார் உரிமையைப் பறித்தலாகாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

ஆணைகளின் வரலாறு

திரைத்துறையின் அச்சம் வெற்றச்சம் அன்று. 2013 செப்டம்பரில் 'அத்தாரிண்டிகி தாரேதி' என்னும் தெலுங்குப் படத்தின் ஒரு பகுதி, திரையரங்குகளில் வெளிவரும் முன்னரே இணையத்தில் கசிந்தது.

இணையத்தில் படத்தைத் திருடி வெளியிடுவோர் யாரென அறிதல் அரிது. ஆகவே, பெயர் தெரியாத எதிர்வாதிக்குப் பொதுப்பெயர் இட்டு வழக்குத் தொடுப்பர். ஆங்கில மரபின் 'ஜான் டோ' இந்தியாவில் 'அசோக்குமார்' ஆனார். 2012இல் '3' என்னும் தமிழ்ப் படத்திற்கும், ஐதராபாத்தை மையமாகக் கொண்ட தெலுங்குத் திரையுலகின் 'தம்மு' படத்திற்கும் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய ஆணைகளை வழங்கியது. இணையச் சேவை நிறுவனங்களோ தளங்களை முழுமையாகவே முடக்கின. திருட்டுப்படி உள்ள குறிப்பிட்ட முகவரியை மட்டுமே தடுத்தல் வேண்டும் என அவ்வாண்டு ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆயினும் 2017 ஆகஸ்டில், இந்திப் படங்களுக்காகப் பெற்ற ஆணைகளின்படி 2,600க்கும் மேற்பட்ட தளங்கள் முடக்கப்பட்டபோது, 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' மின்னூலகமும் அவற்றுள் அகப்பட்டது. பழைய தமிழ் அச்சு நூல்களின் மின்படிகளை அங்குத் தேடும் ஆய்வாளரும் இதனால் தடைக்கு உள்ளாயினர்.

முடிவுரை

2023ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத் திருத்தம், திருட்டுப்பதிவுக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கின்றது. 2025 நவம்பரில் ஐதராபாத் காவல்துறை, 'ஐபொம்மா' தளத்தை நடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கைது செய்தது. இவை குற்றம் புரிந்தோரை நாடிச் செல்லும் வழிகள். நூலகத்தையும் சேர்த்து அடைக்கும் ஆணையினும் இவ்வழியே பதிப்புரிமையின் நோக்கத்திற்குப் பொருந்துவது எனலாம்.