மீன்பண்ணைக் கழிவுப் படிவுக் கணிப்பு

கூண்டில் வளரும் மீனின் எச்சமும் தின்னாமல் மீந்த தீவனமும் கடலடியில் எங்கே, எவ்வளவு படியும் என்று முன்கூட்டியே கணக்கிடும் முறை. இதன் அடிப்படைக் கணக்குக்குக் கணினியே வேண்டாம். ஆழத்தை நீரோட்ட வேகத்தால் பெருக்கி, துகள் கீழிறங்கும் வேகத்தால் வகுத்தால் அது போய் விழும் தூரம் கிடைக்கும். 10 மீட்டர் ஆழத்தில் ஓட்டம் நொடிக்கு 10 செ.மீ. என்றால், அதே வேகத்தில் இறங்கும் தீவனக் குருணை 10 மீட்டர் தள்ளி விழும். நொடிக்கு 3 செ.மீ. இறங்கும் எச்சம் 33 மீட்டர் போய்விடும். 1989-இல் கோவனும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய எளிய கணக்குகளை மீன்பண்ணைகளுக்குப் பயன்படுத்திக் காட்டினர்.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு: படிந்த கழிவு படிந்த இடத்திலேயே கிடப்பதில்லை. ஓபன் நகரிலுள்ள ஸ்காட்லாந்து கடலறிவியல் சங்கத்தின் குரோமி, நிக்கல், பிளாக் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ‘டெப்போமாட்’ என்ற கணினி மாதிரி இதையும் சேர்த்துக்கொண்டது. அடியோட்டம் நொடிக்கு 9.5 செ.மீ. தாண்டினால் கழிவு மறுபடி கிளம்பும் என்று அது கொண்டது. சேறோ மணலோ, எல்லாத் தரைக்கும் ஒரே வரம்பு வைத்தது பின்னால் இடறியது. அதன் பிந்தைய வடிவமான ‘நியூடெப்போமாட்’ அந்த வரம்பைத் தளர்த்தியது.

மேலே சொன்னவை கூண்டுப் பண்ணைக்கான கணக்குகள். காவிரிப் படுகையில் கழிவுச் சிக்கல் கூண்டால் வரவில்லை, கரையோர இறால் குட்டைகளால் வந்தது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், வயலையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் இறால் குட்டையாக்கத் தடை விதித்தது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குக் கழிவுநீர் சுத்திகரிப்புக் குட்டை கட்டாயமாயிற்று.

இப்படுகையில் திருவாரூர் மாவட்டத்திலுள்ள முத்துப்பேட்டைக் காயலின் ஆழம் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவுதான். மேலே சொன்ன வாய்ப்பாட்டை அதே ஓட்ட வேகத்துக்குப் போட்டால் எச்சம் மூன்று மீட்டருக்குச் சற்று மேல் நகரும். அதைத் தெரிந்து என்ன பயன்? கழிவு கலந்த நீர் எத்தனை நாள் தங்குகிறது என்பதே இங்கே கேள்வி. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் ஆந்திரத்தின் கண்டலேறு கழியில் செய்த தாங்குதிறன் ஆய்வு இந்த வகையைச் சேர்ந்தது: ஏற்ற இறக்கத்தில் போய்வரும் நீரையும் பண்ணைகள் விடும் கழிவையும் எடைபோட்டு, அந்தக் கழி எவ்வளவு வளர்ப்பைத் தாங்கும் என்று பார்ப்பது.

முத்துப்பேட்டைக்கு அத்தகைய தாங்குதிறன் ஆய்வைச் செய்தால் ஆண்டுச் சராசரி உதவாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. அதன் பின் காயலில் கலக்கும் கோரையாற்றிலும் பாமனியாற்றிலும் நன்னீர் வரத்து ஒடுங்கும். கோடை இறாலுக்குக் குஞ்சு விடுவதும் பிப்ரவரி, மார்ச்சில்தான். கணக்கை அந்த மாதங்களுக்குப் போட வேண்டும்.